பெஞ்சில் நாற்பத்தொரு பேர்

கடைவாய்ப்பல் ஒன்றை மெழுகில் பதித்துவிட்டு, "உனக்கு அடுத்த வாரம் கண்டிப்பா சான்ஸ்" என்கிறார் பல்செட் செய்பவர். சொன்னது பல்லிடம் இல்லை. கை மெழுகில் இருந்தாலும் மனசெல்லாம் வீட்டுக் கணினியில் ஓடும் பேஸ்பால் விளையாட்டில்தான். அதில் அவர் ஓர் அணிக்கு முதலாளி. அந்த அணிக்குக் கீழே, புதியவர்களைத் தேற்றி எடுக்க ஒரு சின்ன அணி உண்டு. இருபத்தைந்து பேர் போதும் என்கிற அந்த அணியில் நாற்பத்தொரு பேரை அடைத்து வைத்திருக்கிறார், மகராசன்!

யாரையும் அனுப்ப அவருக்கு மனசு வராது. திரையில் அவர்கள் வெறும் பெயரும் எண்களும்தான். இவருக்கோ, ஒருவனுக்கு ரயில் என்றால் பயம், இன்னொருவன் தூக்கத்தில் சிரிப்பான். மத்தியான வெயில் ஜன்னலில் சாயும்போது, அரைக்கண் மூடி உட்கார்ந்திருப்பார். அவர் நினைப்பில், பார்க்க ஆளில்லாத மைதானத்தில் நாற்பத்தொரு பேரும் புல்லில் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். மேகம் மெல்ல அவர்கள் மேல் நகரும். அவர்களில் மூத்தவர், பன்னிரண்டு சீசனாக, கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்குப் பின்னால் குந்திப் பந்து பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும் முப்பத்தெட்டு வயசுக்காரர். அவருக்கு இவர் வைத்த பெயர் பெரியப்பா.

இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு, எல்லாம் பூஜ்யமா இருக்கு?"

"இவனும் பந்து பிடிக்கிறவன்தான். பத்தொம்பது வயசு. தங்கமான கை."

"அப்புறம் ஏன் ஒரு ஆட்டம்கூட ஆடலை?"

"அந்த இடத்துலதான் பெரியப்பா ஆடுறாரே."

"போன வருஷம் இவன் திறமை எழுபதுன்னு போட்டிருக்கு. இப்ப அம்பத்தெட்டு. ரொம்ப நல்லவருதான் நீங்க! யார் மனசும் நோகக் கூடாதுன்னு இவனை உட்கார வச்சே கெடுத்துட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. இன்னும் ஒரு சீசன் இப்படியே போனால் பையன் தேறமாட்டான். அது அவருக்குத் தெரியாததா என்ன? தெரிந்தேதான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

பெரியப்பாவின் பெயரைத் தொட்டார். 'இவரை அணியிலிருந்து விடுவிக்கவா?' என்று கேட்டது திரை. விரல் அப்படியே நின்றுவிட்டது.

"நான் அமுக்கட்டுமா?" என்றாள் மனைவி, இறங்கிய குரலில்.

"வேணாம். நானே சொல்லணும்."

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகுதான் குனிந்து அழுத்தினார்.