மழை என்று பெயர் வாங்கியவள்

வசந்தி இறந்த செய்தியை அவளுடைய தம்பிதான் போனில் சொன்னான். நான் லண்டனில் எலிசபெத் லைன் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். "அக்கா இண்டைக்கு விடிய மோசம் போயிட்டா" என்றான். இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கிற, இல்ஃபோர்ட்டில் அவளுக்கு அயலில் இருந்த நீங்களும், பல்கலைக்கழகத்தில் அவளிடம் படித்த நீங்களும் அழுதிருப்பீர்கள். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். அவளை மறுத்து நான் எழுதிய கட்டுரை அப்போதுதான் முடிந்திருந்தது. அதை வாசிக்காமலே போய்விட்டாள்.

நாங்கள் இருவரும் மொழியியலாளர்கள். பப்புவா நியூ கினியில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் மட்டும் பேசப்படும் சின்ன மொழி ஒன்றின் இலக்கணத்தை எழுத ஒன்றாகப் போனோம். போய்ச் சேர்ந்த அன்று, நெடுநாள் வராத மழை கொட்டியது. படகிலிருந்து முதலில் இறங்கியவள் வசந்தி. அதனால் அவளுக்குத் தங்கள் மொழியில் மழை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கிய எனக்கு 'மழையின் கூட்டாளி' என்று பெயர். அந்த மொழியை நான் அவளைவிட நன்றாகப் பேசினேன். இருந்தும் கடைசிவரை கூட்டாளிதான். இதற்குப் பெயர் பொறாமை. நாகரிகமாக வேறு சொல் தேட எனக்கு மனமில்லை.

அந்த மொழிக்கு உறவு உண்டா என்பதில்தான் எங்கள் சண்டை. ஆற்றின் மேல்பக்க ஊர்களில் பேசும் மொழியும் அதுவும் ஒரே குடும்பம் என்றேன் நான். கல், நெருப்பு, பல் என்று அடிப்படைச் சொற்கள் பல இரண்டிலும் ஒன்றாக இருந்தன. எதனோடும் சேராத தனிமொழி என்றாள் அவள். லண்டன் திரும்பியபின் ஒருமுறை மனோர் பார்க்கில், கோவில் அன்னதான வரிசையில் நின்றபடியே தொடங்கிவிட்டாள்.

"சொல்லுகளை நம்பாதையும். அங்க ஆள் செத்தால் அந்தப் பேரை ஒருத்தரும் வாயால சொல்லமாட்டினம். கல்லெண்டு பேர் வைச்ச ஆள் செத்தால், கல்லுக்கு மேலாத்துச் சொல்லைத்தான் கடன் வாங்குவினம். நீர் அதைப் பாத்திட்டுச் சொந்தம் எண்டுறீர். வினைச்சொல்லைப் பாரும், ஒரு ஒட்டும் இல்லை."

அதெல்லாம் முந்திய காலத்து வழக்கம், இப்போது யார் கண்டது என்றேன். சிரித்துவிட்டுத் தட்டை நீட்டினாள்.

செத்தவீடு முடிந்து சில வாரங்களில் அந்தக் கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்குப் போன் செய்தேன். செய்தியை முன்பே அனுப்பியிருந்தேன். தகரக் கூரையில் சத்தம் கேட்டது. மழையா என்று அவர்கள் மொழியில் கேட்டேன். ஆம், மழை பெய்கிறது என்றார் அவர். மழைக்கு அவர் சொன்னது மேலாற்றுச் சொல். செய்தி வந்த நாளிலிருந்து பழைய சொல்லை ஊரில் ஒருவரும் சொல்வதில்லையாம். பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

இனி யார் அங்கே போய்ச் சொற்களைச் சேகரித்தாலும், என்னைப் போலவே மழையையும் உறவுக்குச் சாட்சியாக்குவார்கள். செத்தும் அவளே வென்றாள். அவளுக்காக ஒரு மொழியே ஒரு சொல்லை விட்டிருக்கிறது. எனக்காக எந்த மொழி எதை விடும்?

போனை வைக்கும்போது ஆசிரியர் என்னை வெறும் 'கூட்டாளி' என்று அழைத்தார். முன்பாதியை அவர் சொல்லக்கூடாது. அந்தப் பாதி என் பெயரிலிருந்து விழாதா என்று எத்தனை வருடம் எரிந்திருப்பேன். இப்போது விழுந்துவிட்டது.

வசந்தியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அரைப் பெயர்தான். பழைய சொல் எனக்கு நினைவிருக்கிறது. லண்டனில் அதைச் சொன்னால் தடுக்க ஆளில்லை. நான் சொல்வதில்லை. இங்கேயும் எழுதவில்லை.