மொட்டை மாடிக் கதவுக்கு ஒரு பூட்டு

மூன்று வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில், திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போட்டுடாதீங்க மேடம்" என்றார்கள்.

நான் ராயபுரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். அக்கம்பக்கத்துச் சண்டைகள் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்க உதவும் தன்னார்வலர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தபோது சேர்ந்து படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சமரசம் பேசப் போவேன். யார் துணையும் இல்லாமல் நான் எடுத்துக்கொண்ட முதல் சண்டை இது.

தரைத்தளத்தில் இருந்த அக்கா மீன் விற்பவர். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பார். மிஞ்சியதை உப்புப் போட்டு மொட்டை மாடியில் கருவாடாகக் காயவைப்பார். மாடிப் படிக்கட்டை ஒட்டி மூன்றாவது மாடியில் இருந்த பெண்மணி, ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறவர். திடீரென்று ஒருநாள் அவர் மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டார். கேட்டதற்கு, கருவாட்டு நாற்றம் தாங்கவில்லை என்றார். அன்று பார்த்து மழை. மேலே காய்ந்துகொண்டிருந்த மீனெல்லாம் ஊறி வீணாகிவிட்டது. மறுநாள் அக்கா பூட்டை உடைத்து, ஊறிய மீனை அள்ளிவந்து அந்த வீட்டு வாசலிலேயே கொட்டிவிட்டார்.

குடியிருப்பே இரண்டாகப் பிரிந்தது. மீன்பிடிக் குடும்பங்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். ஆடிக் கூழைக்கூட இந்த வருடம் தனித்தனியாக ஊற்றிக்கொள்ளலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். போலீஸ் வரை போய், அங்கிருந்து சமரசத்துக்கு வந்தது.

குடியிருப்பின் சங்க அறையில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தேன். அக்கா பொரிந்து தள்ளினார்.

"நாறுதாமே நாறுது! இந்த மீனை வித்துதான் மேடம் ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தேன். கொழம்புல போட்டுத் துன்னச்சொல்ல நாறலியா இவங்களுக்கு?"

மற்றவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாத்தம் தாங்கல மேடம். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

சுலபமான சண்டை என்று தோன்றியது. காலையிலிருந்து நாலு மணி வரை மாடிக் கதவு திறந்திருக்க வேண்டும், கருவாட்டை ஒரு மூலையில் மட்டும் காயவைக்க வேண்டும், பிறகு கழுவிவிட வேண்டும் என்று எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது மாடிப் பெண்மணி இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் போட்டார். கோபம் இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மறுநாள் கடையில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் அக்காவிடமிருந்து போன். "மேடம், உங்க பேப்பரை நீங்களே வெச்சிக்கோங்க. திரும்பவும் பூட்டு தொங்கிகினு கீது."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஞாயிறு நேராக மூன்றாவது மாடிக்கே போனேன். "கையெழுத்துப் போட்டீங்களே, அதுக்கு மரியாதையே இல்லையா?" என்று வாசலிலேயே கேட்டேன். சமரசம் பேசப் போனவள் கேட்கக்கூடாத கேள்வி.

அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். உள்ளறையில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவருடைய மகள். என்னைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போய், சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"ஏழாம் மாசத்துல கொழந்த தங்காம பூட்ச்சி மேடம். அதுலேர்ந்து பேச்சே இல்ல. ஒருநாள் கம்பெனிலேர்ந்து வந்தா வூட்ல காணோம். மேல ஓடிப்போய்ப் பார்த்தா, மாடிச் சுவத்து மேல குந்திகினு கீறா. அதான் பூட்டு வாங்கினேன். நாத்தம்னு சொன்னா சண்டையோட போவும். இத்தச் சொன்னா அவ புருசன் வூட்டுக்குத் தெரிஞ்சி, இட்டுகினு போவமாட்டாங்கோ."

பிறகு சொன்னார்: "நீங்க தொறக்கச் சொல்லிட்டீங்கோ. பத்து நாளா வேலைக்கு லீவு போட்டுட்டு படிக்கட்டுலயே குந்திகினு இருந்தேன். இனிமே லீவு கெடையாதுன்னுட்டாங்கோ. வேற வழி தெரில."

ஒரு தாய் மகளைக் காப்பாற்றப் பூட்டிய கதவை, பகல் முழுக்கத் திறந்துவைக்கச் சொல்லி எழுதிக் கையெழுத்து வாங்கியவள் நான். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்து வாங்கிய அன்று, மதியம் ஒரு கல்யாண விருந்துக்குப் போகும் அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியாஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர்கள் இருப்பதையும், மகளைத் தனியாக விடக்கூடாது என்பதையும் சொன்னேன். கீழ்வீட்டு அக்காவிடம் நான் பேசட்டுமா என்று கேட்டதற்கு, "வாணாம் மேடம்" என்று ஒரேயடியாக மறுத்தார். சரி என்று எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"இருங்க. நானே சொல்றேன். நீங்க கூட மட்டும் வாங்க."

பக்கத்து வீட்டுப் பெண்ணை மகளுக்குத் துணை வைத்துவிட்டுக் கீழே போனோம். அக்கா அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தாய் அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அடிப்பாவி, இத்த மொதல்லியே சொல்லியிருந்தா உன் வாசல்ல மீனைக் கொட்டியிருப்பேனா?" மீன் கையாக இருந்ததால் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பூட்டு கெடக்கட்டும் வுடு. யாவாரம் முட்ச்சி பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன். அதுவரைக்கும் என் தங்கச்சி வந்து இருப்பா. பொண்ண எங்க வூட்ல வுட்டுட்டு நீ வேலைக்குப் போ."

"உனுக்கு எதுக்குக்கா இந்தப் பேஜாரு?"

"பேஜாராவது ஒண்ணாவது. கம்முனு இரு."

அதன்பின் எனக்கு அங்கே வேலையே இல்லை. புதிதாக எதையும் எழுதவுமில்லை. அக்கா கருவாட்டைக் கடற்கரையில் சொந்தக்காரர்கள் காயவைக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டார். "நீ ஏன் எறங்கிப் போன?" என்று அவர் பக்கத்து ஆட்களே திட்டியபோது, "முட்டி வலிக்குது, மாடி ஏற முடியல" என்று சொல்லிவிட்டாராம். உண்மையான காரணத்தை யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. அந்த ஆடிக் கூழ் ஒரே அண்டாவில்தான் கொதித்தது.

அந்தப் பெண் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு மெல்லத் தேறினாள். இப்போது கணவருடன் இருக்கிறாள். மனசு கனக்கிற நாளில் அம்மாவுக்கு முன்னால் அக்காவுக்குத்தான் போன் போடுகிறாளாம்.

நான் இன்னும் சமரசம் பேசப் போகிறேன். அந்தச் சண்டையை நான் தீர்த்துவைத்ததாக யாராவது புகழ்ந்தால் கூச்சமாக இருக்கிறது. தனியாக ஒருவர் முன் உட்கார்ந்து, அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்கும்போதெல்லாம், அன்று நான் கேட்காமல் விட்டது ஓர் உயிரைப் பற்றி என்பது நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.