படியேறாமல் நின்ற ரத்தக்காட்டேரி

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். ஓவியர் இருதயராஜ் இறந்த செய்தி நம் படக்கதை வாசகர் குழுவில் வந்த காலையிலிருந்து உங்கள் அஞ்சலிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கும்பிடும் கைகள், கண்ணீர்ப் பொம்மைகள், அவர் வரைந்த ரத்தக்காட்டேரியின் படத்துக்கு ஒரு மாலை. எனக்குத் தனியாக யாரும் தகவல் சொல்லவில்லை. திருவாரூரில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருதான். துபாயிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற உங்களோடு சேர்ந்து, முகநூலில்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளில் நம் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனபோது அவர் ஜப்பானில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போனார். மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு பெட்டி நிறைய மங்கா புத்தகங்களோடு வந்து இறங்கினார். அந்த ஊர்ப் படக்கதைகள். இங்கே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்து, பின்னறையில் வரையத் தொடங்கினார். நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். தங்கை மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போய், அவருக்குக் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். டேனிஷ்காரர்கள் காலத்தில் தரங்கம்பாடிக் கோட்டையில் செத்தும் சாகாமல் கிடக்கிற சிப்பாய் யோகான். குடித்த ரத்தத்துக்கெல்லாம் விமோசனம் தேடி டெல்டா முழுக்க நடக்கிறான். கதை அவ்வளவுதான்.

இந்த வகைக் கதைகளில் ஒரு விதி உண்டு. வீட்டுக்காரர் உள்ளே கூப்பிடாமல் ரத்தக்காட்டேரி படியேற முடியாது. நம் ஊரில் இந்த விதி செல்லாது என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஸ்கூட்டரில் கொரடாச்சேரிக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு வீட்டின் முன் நின்று விலாசம் கேட்டோம். அந்த அம்மா நாங்கள் யாரென்றுகூடக் கேட்கவில்லை.

"வாங்க, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, உக்காந்து மோர் குடிச்சிட்டுப் போங்க."

மோர் குடித்துவிட்டுத் தெருவுக்கு வந்ததும் இருதயராஜ் சொன்னார்: "இந்த ஊர்ல இவன் தின்னே கொழுத்துருவான் சார். பசியே எடுக்காதவன் எங்கேருந்து திருந்துறது?"

அதனால்தான் கதையை நம் காலத்து டவுன் பக்கம் கொண்டுவந்தோம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட தெருக்கள், பூட்டிய வீடுகள், கிரில் கதவுக்குள்ளிருந்து "யாரு?" என்று மட்டும் கேட்கிற குரல்கள். கூப்பிட ஆளில்லாமல் யோகான் பட்டினி கிடக்கிறான். அந்தத் தெருக்களை அவர் வரைந்த விதத்தை நீங்கள் எல்லோரும் புகழ்ந்திருக்கிறீர்கள். கறுப்பு மையை அப்படிச் செலவழித்த ஆளை நான் பார்த்ததில்லை. "வெள்ளையில என்ன சார் பயம் இருக்கு?" என்பார்.

சண்டை கடைசி அத்தியாயத்தில் வந்தது. தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் யோகானை உள்ளே கூப்பிடுகிறார். நான் எழுதிய முடிவில் அவன் படியேறிப் போய், பசியை அடக்கிக்கொண்டு, அவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்கிறான். அவர் அவன் தலையில் கை வைக்கிறார். விடிகிறது, சாம்பலாகிறான். படித்தவர்கள் அழுதிருப்பார்கள். இருதயராஜ் அதை ஒதுக்கிவிட்டார். அவர் முடிவில் யோகான் படிக்குக் கீழேயே நிற்கிறான். உள்ளே போனால் தன்னால் அடக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லவும் மாட்டேன் என்கிறான். பெரியவர் "எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு எறங்காதோ?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார். கடைசிப் பக்கம் முழுக்க இருட்டு.

யாருக்குமே தெரியாமல் ஒருவன் நல்லவனானால் அது என்ன விமோசனம் என்று கேட்டேன்.

"மன்னிப்புக் கேக்குறவன் சாட்சி தேடக் கூடாது சார்."

சர்ச்சில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவர்களுக்கு வேண்டுமானால் அது சரியாக இருக்கலாம் என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "அங்கயாவது சாமியார் ஒருத்தர் காது குடுப்பாரு. இவனுக்கு அதுவும் கெடையாது."

சில வாரம் கழித்து, வரைந்து முடித்த பக்கங்களோடு என் வீட்டுக்கு வந்தார். என் மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்திருந்த சமயம். கேட்டைத் திறந்து "வாங்க" என்றேன். அவர் ரோட்டிலேயே நின்றார். "இருக்கட்டும் சார், இங்கயே நிக்கிறேன்." காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இன்னொரு நாள் என்றார். உறையைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். என் வாசலிலேயே தன் முடிவை நடித்துக் காட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். "சரி, இனிமே நானும் உங்க வாசலுக்கு வரல" என்று சொல்லி கேட்டைச் சாத்தினேன். அவர் முடிவோடுதான் புத்தகம் வந்தது. கடைத்தெருவில் எதிரே வந்தாலும் அவரவர் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இழவு வீட்டில் யாரையும் வா என்று கூப்பிட மாட்டார்கள். அதனால் போக முடிந்தது. அவர் மனைவி ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கு அவருக்கு டிபி சார். மாத்திரை ஆரம்பிச்ச புதுசு. உங்க வீட்ல பச்சக் கொழந்த இருக்குன்னுதான் உள்ள வரல. சொல்லிட்டு வந்திருக்கலாமேன்னு கேட்டேன். சிரிச்சாரு."

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, இன்னும் அடங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் என்ன? ரோட்டில் நின்றுகொண்டே சொல்லியிருக்கலாம். தூர நின்று என் பேத்தியைக் காப்பாற்றிவிட்டு, என்னை இத்தனை வருஷம் கோபத்தில் விட்டுவிட்டார். யோகான் அப்படி நிற்பதை ஒத்துக்கொள்ளலாம், அவன் காகிதத்தில் இருக்கிறவன். நான் அப்படியா?

இப்போது குழு நிர்வாகிகள் நினைவுப் பதிப்பு கொண்டுவரப் போகிறார்களாம். அவர் கடைப் பின்னறையில் கிடைத்த என்னுடைய பழைய முடிவைப் போட்டு, அதற்கு வேறு ஓவியரை வைத்து வரையப் போகிறார்களாம். "உங்க முடிவுலதான் சார் ஒரு ஆறுதல் இருக்கு" என்று போனில் சொன்னார்கள். இதைக் கேட்க நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. வேண்டாம் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். என் வரிகளை எடுக்க நான் அனுமதி தரவில்லை. அவர் வரைந்த கடைசிப் பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த முடிவு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. படிக்கிறவர்களும் என்னைப் போலவே எரிச்சலோடு புத்தகத்தை மூடட்டும். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த எரிச்சல்தான். அதை ஆறுதலாக மாற்றித் தர யாரும் வர வேண்டாம்.

கீழே பெயர் போட்டால், கதாசிரியர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நாளைக்கு நீங்கள் எனக்கும் மாலை போடுவீர்கள். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதியது யாரென்று உங்களில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவீர்கள், அது உங்கள் பாடு. பெயரை மறைத்துப் பதிவிடும் வசதி இந்தக் குழுவில் இருக்கிறது. அப்படியே போடுகிறேன்.