இன்டர்வல் சிஸ்டரும் ‘ஈரக் குடை’யும்

எங்கள் டயாலிசிஸ் வார்டில் அவளை எல்லோரும் ‘இன்டர்வல் சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்து நாற்காலி லாரி டிரைவர். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஏதாவது ஒரு மெஷின் கத்த வாயைத் திறப்பதற்குள் அதன் முன்னால் போய் நிற்பாள். வேலை எதுவும் இல்லாமல் நிற்க நேர்ந்தால் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். சாப்பாடுகூட நின்றபடிதான்.

“ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து சாப்பிட்டா குடியா முழுகிடும்?” என்று கணக்கு டீச்சர் அதட்டுவார்.

“உக்காந்தா கண்டதையும் யோசிப்பேன் டீச்சரம்மா. இதுவே தேவலை” என்பாள்.

நான் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவன். கிட்னி கைவிரித்த பிறகு கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் நான் அந்த வார்டில் போய்ச் சாய்ந்துகொள்வேன். கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், சுத்தமாகி மற்றதன் வழியாகத் திரும்பும். நாலு மணி நேரம் அந்தக் கையை ஆட்டக்கூடாது. ஜன்னலோரம் நான், நடுவில் டிரைவர், அந்தப் பக்கம் ரிட்டயரான கணக்கு டீச்சர்.

டிரைவருக்கு அந்த நாலு மணி நேரம் நரகம். ஊரெல்லாம் சுற்றிய உடம்பை நாற்காலியில் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும்? பாதி நேரம் ஆனதுமே, “போதும், கழட்டி விடு சிஸ்டர்” என்று ஆரம்பிப்பார். தலை சுற்றுது என்பார், கால் இழுக்குது என்பார், வண்டி நிக்குது என்பார். சண்டை போட்டுப் பாதியில் எழுந்து போனவர், ஒரு நாள் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு விட முடியாமல் மனைவியின் தோளில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிழைத்ததே பெரிய பாடு.

அதற்கு அடுத்த முறை அவர் “கழட்டி விடு” என்று வாயெடுத்ததும், அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டே, “அண்ணே, ‘ஈரக் குடை’ன்னு ஒரு படம் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“கேள்விப்பட்டதே இல்லையே.”

“யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. ஒரு வாரம்கூட ஓடலை. ஆனா அந்த மாதிரி ஒரு படம் இன்னும் வரலைண்ணே.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அடைமழையில் ஒரு பழைய லாட்ஜ். வரவேற்பு மேஜையில் ஒரு கிளார்க். ஒரு பெண் வருகிறாள். “என் புருஷன் இங்க ரூம் எடுத்திருந்தார், ஆளைக் காணோம்” என்கிறாள். கிளார்க் மேலே கூட்டிப்போகிறான். பெட்டி இருக்கிறது, செருப்பு இருக்கிறது, ஆள் இல்லை. நான் நாள் முழுக்க வெளியிலேயே போகவில்லை என்கிறான் கிளார்க். ஆனால் மேஜைக்கு அடியில் ஒரு குடை சொட்டிக்கொண்டிருக்கிறது.

இதை அவள் சொல்கிற விதம் இருக்கிறதே! ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, பிரஷர் எடுத்துக்கொண்டே, எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் நடந்துகொண்டே சொல்வாள். ஒரு காட்சிக்கு ஒரு காலை முழுக்க எடுத்துக்கொள்வாள். அந்தப் பெண் காணாமல் போனவனின் அலமாரியைத் திறக்கிறாள். உள்ளே கிளார்க்கின் அடையாள அட்டை கிடக்கிறது. அதில் இருப்பது வேறு ஒருவன் முகம். மேஜையில் உட்கார்ந்திருப்பவன் கிளார்க்கே இல்லை. காணாமல் போன விருந்தாளியே அவன்தான்! அவனுக்கோ கல்யாணமே ஆகவில்லை. அப்படியானால் புருஷனைத் தேடி வந்த இவள் யார்? “நீ என் பெண்டாட்டி இல்லை” என்று சொன்னால் அவன் மாட்டிக்கொள்வான். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

“அப்புறம்?” என்பார் டிரைவர்.

“இன்டர்வல்” என்பாள்.

அதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. கெஞ்சினாலும் வராது. “அதுக்கு மேல சொன்னா பாவம்ணே. பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.”

“எங்கேம்மா பாக்கறது? எங்க தேடினாலும் கிடைக்கலைங்கறான் என் மச்சான்.”

“கிடைக்காது. ஒரு தடவை டிவில போட்டான். பாதி படம் கரியில முக்கி எடுத்த மாதிரி ஒரே இருட்டு.”

அவர் அவளைத் திட்டினார், பெயர் வைத்தார், ஆனால் நாற்காலியில் இருந்தார். சில நாள் இருந்தார், சில நாள் எழுந்து போனார். முதல் பாதியையே அவள் திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நாங்கள் ஒரு புதுச் சந்தேகத்தைக் கிளப்புவோம். கணக்கு டீச்சர் மட்டும், “நீ சொல்ற அளவுக்கு அந்தப் படம் இருக்காதும்மா. பாதி உன் கைச்சரக்கு” என்று சீண்டுவார்.

அப்போதுதான் அந்தப் படம் எச்.டி.யில் டிஸ்க்காக வந்தது. படப் பைத்தியங்கள் நாலு பேர் நடத்தும் ஒரு சின்னக் கம்பெனி, எங்கேயோ கிடந்த மூல நெகடிவைத் தேடிப் பிடித்து, தூசு தட்டி, கீறல் நீக்கி வெளியிட்டிருந்தது. டிஸ்க்கைக் கையில் வாங்கிய அன்று அவள் ஊசி போடும்போது கண் டிஸ்க் மேலேயே இருந்தது. “சிஸ்டர், இது என் கை. தலகாணி இல்லை” என்றேன்.

“நீ பாத்துட்டியா?” என்று கேட்டார் டீச்சர்.

“இல்லை. உங்ககூடத்தான் பாக்கணும்னு வச்சிருக்கேன்.”

டாக்டரிடம் அனுமதி வாங்கி, வீட்டிலிருந்து பிளேயரைத் தூக்கி வந்து, வார்டு டிவியில் மாட்டினாள். எல்லாம் தயார். டிரைவர் வரவில்லை.

எங்களுக்கு ஊசி போட்டாள். வாசலைப் பார்த்தாள். டிரைவரின் மனைவிக்கு போன் போட்டாள். “விடிஞ்சதும் வண்டி எடுத்துட்டுப் போனாரு. உங்ககிட்ட வர்றேன்னுதானே சொன்னாரு?” என்று அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டார். டிரைவர் போனை எடுக்கவில்லை. சிஸ்டர் ஜன்னலுக்குப் போனாள், லிஃப்டுக்குப் போனாள், திரும்பி வந்து சரியாகவே ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் திட்டினாள்.

“படத்தைப் போடேம்மா. அந்த ஆள் வந்தா வரட்டும்” என்றார் டீச்சர்.

“போட மாட்டேன்.”

வந்தார். கண் வீங்கி, மூச்சு இரைக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு. யாரோ தெரிந்தவருக்குச் சரக்கு இறக்கப் போனவர், வழியில் வண்டி மக்கர் பண்ணி நின்றிருக்கிறார். அவள் வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசிக்கொண்டே ஆக்சிஜன் வைத்தாள், எடை பார்த்தாள், ஊசியை ஏற்றினாள். அவர் மூச்சு கொஞ்சம் சீரானதும் முகமூடிக்குள்ளிருந்து, “படம் போட்டாச்சா?” என்றார்.

“உங்களை விட்டுட்டுப் போடுவேனா? பேசாம இருங்க.”

இனிமேல் நான் சொல்லப்போவதில் படத்தின் முடிச்சு அவிழ்ந்துவிடும். பார்க்காதவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல வழியில்லை.

முதல் காட்சியிலேயே டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மழை என்றால் அப்படி ஒரு மழை. ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. லாட்ஜ் சுவரில் பச்சைச் சாயம் உரிந்திருப்பது, பித்தளை மணியில் விரல் பட்ட அழுக்கு, மேஜைக்காரனின் கோட்டு அவனுக்குத் தோளில் இறுக்கமாக இருப்பது எல்லாம் கண்ணெதிரே. அது அவன் கோட்டு இல்லை என்று இயக்குநர் முதல் நிமிஷத்திலேயே காட்டிவிட்டார். நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. ஒரு இடத்தில்கூட ஏமாற்று வேலை இல்லை. ஒளித்த எல்லாவற்றையும் நம் மூக்குக்கு நேராகத்தான் ஒளித்திருந்தார்கள். இந்தப் படத்தையா குழப்பம் என்று தூக்கிப்போட்டார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அலமாரி திறந்தது. அடையாள அட்டை தெரிந்தது. பழக்க தோஷம், அவள் படத்தை நிறுத்திவிட்டாள்!

வார்டே கத்தியது. கடைசி நாற்காலியில் அதுவரை தூங்குவதாக நாங்கள் நினைத்திருந்த பெரியவர்கூட, “போடும்மா!” என்று அலறினார்.

இரண்டாம் பாதியில் டிரைவருக்குக் காலில் சதை பிடித்துக்கொண்டது. நீர் நிறைய எடுக்கும்போது அப்படி ஆகும். கெண்டைக்கால் கல்லாக முறுக்கிக்கொள்ளும், உயிர் போகிற வலி. அவள் ஓடிப்போய் அவர் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து மேல்நோக்கி அழுத்தினாள்.

“முடியலைன்னா சொல்லுங்கண்ணே. நிறுத்திடறேன்.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “கழட்டின, நடக்கறதே வேற. அந்தப் பொம்பளை யாருன்னு தெரியாம நான் எந்திரிக்க மாட்டேன்” என்றார். அவள் நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை அழுத்திக்கொண்டே நின்றாள். அவர் வலியில் முனகிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

அந்தப் பெண் உண்மையில் கிளார்க்கின் மனைவி. சாவி தரத் தாமதமானது என்பதற்காக அந்த விருந்தாளி கிளார்க்கை அடித்து, பின்பக்கப் படியிலிருந்து வெள்ளம் ஓடும் வாய்க்காலில் தள்ளிவிடுகிறான். பயந்துபோய்க் கிளார்க்கின் கோட்டை மாட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்துவிடுகிறான். இது தெரிந்துதான் அவள் வந்திருக்கிறாள். கடைசியில் அவன் காலில் விழுந்து அழுகிறான். “உன்னை மன்னிச்சிட்டேன்” என்கிறாள். குடையை விரித்து மழையில் இறங்கித் தெருவைக் கடக்கிறாள். முடிந்தது.

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தீங்களா? எவ்வளவு பெரிய மனசு!”

டிரைவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொஞ்சம் பின்னால போ சிஸ்டர். ரைட்ல ஒரு ஆள் நிக்கிறான்.”

“ஆளா? அங்க ஒண்ணும் கிடையாதுண்ணே. வெறும் இருட்டு.”

“மழையில வண்டி ஓட்டினவன் நான். ஷட்டர் ஓரமா நிக்கிறான், பாரு.”

பின்னால் போய் நிறுத்தினாள். மூடிய கடையின் ஷட்டர் ஓரம், கறுப்புக்குள் கறுப்பாக ஒருவன். நெற்றியில் கட்டு. அடையாள அட்டையில் பார்த்த அதே முகம். சாகாத கிளார்க். அந்தப் பெண் குடையைச் சாய்த்து அவனையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறாள். பழைய பிரதியில் அந்த மூலை முழுவதும் கறுப்பாக இருந்திருக்கிறது. டிஸ்க்கில் இருந்த பேட்டியில் இயக்குநரும் அதையே சொல்லிப் புலம்பினார்: பிரிண்ட் மட்டமாகப் போட்டதில் படத்தின் கடைசித் திருப்பம் யார் கண்ணிலும் படவே இல்லையாம்.

“எங்க மன்னிச்சா?” என்றார் டிரைவர். “சாகாதவனைக் கொன்னுட்டதா நினைச்சு நினைச்சே செத்துட்டிருன்னு விட்டுட்டுப் போறா. யப்பா!”

டீச்சர் கை தட்ட முடியாமல், ஊசி இல்லாத கையால் நாற்காலியைத் தட்டினார். சிஸ்டர் மட்டும் கழுவும் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அன்று டிரைவர் நாலு மணி நேரத்தையும் முழுசாக முடித்தார். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அடுத்த முறை எனக்கு ஊசி போடும்போது தானாகவே சொன்னாள். “அந்தப் படத்தை நான் ஸ்கூல் படிக்கிறப்ப பாத்தேன் சார். அப்பா அடிச்சாருன்னு அம்மா எங்களைக் கூட்டிக்கிட்டு வீட்டை விட்டு வந்த நாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல தியேட்டர். உள்ள போனோம். படம் முடிஞ்சதும் அம்மா நேரா வீட்டுக்கே திரும்பிட்டாங்க. அந்தப் பொம்பளை மன்னிச்சதைப் பாத்துத்தான் அம்மாவும் மன்னிச்சாங்கன்னு நான் நினைச்சேன். அதை நினைச்சுத்தான் நானும் எவ்வளவோ பேரை மன்னிச்சேன். இப்ப பாத்தா அவ மன்னிக்கவே இல்லை.”

“அம்மாகிட்ட கேட்டியா?”

“அன்னிக்கே போய்க் கேட்டேன்.” டேப்பை ஒட்டினாள், பிரித்தாள், மறுபடி ஒட்டினாள். “‘படமா? நான் எங்கடி படம் பாத்தேன்? மழை பெஞ்சுது, நீங்க நனையக் கூடாதுன்னு உள்ள கூட்டிட்டுப் போனேன். எங்க போய்த் தங்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். ஒரு இடமும் தோணலை. திரும்பிட்டேன்’ங்கறாங்க.”

“அப்ப மன்னிக்கலையா?” என்று கேட்டேன்.

“அதையும் கேட்டேன் சார். ‘அதுக்கெல்லாம் எனக்கு நேரம் ஏது?’ன்னாங்க.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டியதாகச் சொன்னாள். அம்மா பக்கத்தில் உட்கார முடியாமல், சமையலறை வாசலில் நின்றபடியே அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஷட்டர் ஓரத்து ஆளை அம்மா யாரும் காட்டாமலே பார்த்துவிட்டாராம்.

“பாத்துட்டு என்ன சொன்னாங்க?”

“இன்னொரு தடவை போடுன்னாங்க சார்.”