வலைக்கு மேலே எழும்பிய பிலோமினா

அந்தச் சனிக்கிழமை காலை மயிலாப்பூரில் கீரைக்காரம்மாவிடம் நின்றிருந்தபோது ராகவன் அழைத்தார். பிலோமினாவின் கணவர். வழக்கமாக அந்த எண்ணிலிருந்து அவள்தான் பேசுவாள். அவர் பின்னாலிருந்து திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பார். அன்று அவர் குரல் மட்டும் வந்தது.

“பிலோ போயிட்டா, லலிதா. காப்பி குடிச்சா. பேப்பர்ல விளையாட்டுப் பக்கம் படிச்சுண்டிருந்தா. அப்படியே சாஞ்சுட்டா.”

கீரைக் கட்டை அங்கேயே வைத்துவிட்டு ஆட்டோ ஏறினேன். பெசன்ட் நகர் போய்ச் சேரும்வரை, செய்தித்தாளின் முதல் பக்கத்தை அவள் ஒருநாளும் படித்ததில்லை என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இதை வாசிப்பவர்களில் பலர் அவளோடு ஆடியவர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள், ஞாயிறு பூசையில் பக்கத்தில் அமர்ந்தவர்கள். நான் அவளுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவள். வாலிபாலில் எங்களை செட்டர் என்பார்கள். வலையோரம் நின்று பந்தை உயர்த்திக் கொடுத்தால் எங்கள் வேலை முடிந்தது. எழும்பி அடிப்பவளுக்குத்தான் கைதட்டல். பிலோ மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பி என்னை நோக்கிக் கையை நீட்டுவாள், கைதட்டலை அங்கே அனுப்புங்கள் என்பதுபோல.

முதன்முதலில் அவளைப் பார்த்தது மயிலாப்பூர் மாநகராட்சி மைதானத்தில். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிவிட்டு நேராக வந்திருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்த பையன்கள் “ஏய் நெட்டக் கொக்கு” என்று கத்தினார்கள். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. அவளோ அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “கத்திக்கினு போட்டும். என்ன பாக்கணும்னா அவனுங்கதானே கழுத்த தூக்கணும்.”

இருபது வயதைத் தாண்டியதும் என்னோடு இந்திய அணிக்கு ஆடினாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கி வேலையும் கிடைத்தது. அந்த நாட்களில்தான் ஒரு மாநிலப் போட்டியில் அவள் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததாக நடுவர் விசிலடித்தார். கோட்டைத் தொட்டது என்று இவள் வாதாடினாள். அவர் மசியவில்லை, மஞ்சள் அட்டையைக் காட்டினார். அடுத்த வாரம் அதே நடுவர் அவளுடைய வங்கிக் கவுன்ட்டரில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தாளாம். “இல்லைங்க, வெளியதான் விழுந்தது. ஆனா நீங்க கோவிச்சுக்கக் கூடாது” என்றாராம். அந்த நடுவர்தான் ராகவன். உண்மையை மாற்றிச் சொல்லத் தெரியாத மனுஷனோடு பயமில்லாமல் வாழலாம் என்று அவளுக்கு அன்றே தோன்றிவிட்டதாம். பந்து எங்கே விழுந்தது என்ற வழக்கு மட்டும் கடைசிவரை தீரவில்லை.

கல்யாணம் எளிதில் நடக்கவில்லை. இவர்கள் சாந்தோம் கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் நங்கநல்லூரில் ஆஞ்சநேயரைச் சேவிக்காமல் காப்பி குடிக்காத வீடு. ஒருவழியாக இரு வீட்டாரும் இறங்கி வந்தபோது, ராகவனின் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார்: பெண் ஆட்டத்தை விட வேண்டும். அவர்கள் குறித்த முகூர்த்தமும் இந்திய அணியின் பயிற்சி முகாமும் ஒரே மாதத்தில் வந்தன. பிலோ அந்த அம்மாளிடம் நேராகவே போய்ப் பேசினாள். “கல்யாணத்த தள்ளி வெக்கலாம்மா. கேம்ப்ப தள்ளி வெக்க முடியாது” என்றாள். பேச்சு முறிந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனாள். இரவில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்து அழுதாள். விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடப் போனாள். ராகவன் காத்திருந்தார். அவருடைய அம்மாவும், கொஞ்சம் கொஞ்சமாக, மகனின் முகத்தைப் பார்த்து மனம் இளகினார்.

அந்த மாமியார் ஒரு ஆட்டத்தைக்கூட வந்து பார்த்ததில்லை. ஆனால் கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுக்காரி, “உங்காத்து மாட்டுப்பொண் அரை டிராயர் போட்டுண்டு ஆடறாளாமே” என்று இழுத்தபோது, அந்த அம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாராம்: “எங்காத்து மாட்டுப்பொண் இந்தியாவுக்கு ஆடறா. உங்காத்துப் பொண் யாருக்கு ஆடறா?” இதை நடித்துக் காட்டாமல் பிலோ எந்த விருந்தையும் முடித்ததில்லை.

மகன் பிறந்த பிறகும் அணிக்குத் திரும்பினாள். பிறகு முழங்கால் போயிற்று. இனிமேல் எகிறிக் குதிக்கக் கூடாது என்றார் மருத்துவர். சில மாதங்கள் மைதானம் இருக்கும் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போனாள். நாங்கள் யாரும் அவளிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசத் துணியவில்லை. ஒருநாள் அவளாகவே சொன்னாள்: “குதிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. ஆடக் கூடாதுன்னு சொல்லலியே.”

பல வருடங்கள் கழித்து, பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிறு காலைகளில் அவள் கட்டிய வலை அப்படித்தான் வந்தது. தோளுயர வலை. ஆடுபவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். பாதிப் பேர் அதுவரை பந்தையே தொட்டதில்லை. யாராவது ஆர்வத்தில் குதித்துவிட்டால் எல்லோருக்கும் சுண்டல் வாங்கித் தர வேண்டும். அதிகமாக வாங்கித் தந்தவள் பிலோதான். என் கணவர் இறந்த பிறகு நான் கோட்டூர்புரம் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தேன். ஒரு ஞாயிறு வந்து வாசலிலேயே நின்றாள். “ஒரு ஆளு கொறையுது, செருப்ப மாட்டு” என்றாள். போனேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, பழைய ஆட்டக்காரிகள் எங்கள் வேனில் பேசியது ஒரே ஒரு ஆட்டத்தைத்தான். வெளிநாட்டில், எங்களைவிட எல்லா வகையிலும் பெரிய அணியோடு ஆடியது. முதல் இரண்டு செட்டும் தோற்றிருந்தோம். மூன்றாவதில் எப்படியோ முன்னால் போனோம். முடிக்க வேண்டிய நேரத்தில் பிலோவின் அடிகளை அவர்கள் அடுத்தடுத்துத் தடுத்துக் கீழே தள்ளினார்கள். எங்கள் முன்னிலை ஒரே புள்ளியாகக் கரைந்தது. பந்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் முடிவு செய்தேன். அவள் அதை என் முகத்திலேயே படித்துவிட்டாள். பக்கத்தில் வந்து சொன்னாள்:

“லல்லி, மறுபடி எனக்கே குடு.”

“உனக்குன்னே ரெண்டு பேரு நிக்கறாங்கடி.”

“நிக்கட்டுமே. அவங்களுக்கும் கை வலிக்கும் இல்ல?”

கொடுத்தேன். அவள் எழும்பினாள், அந்த இரண்டு உயரமான பெண்களும் கூடவே எழும்பினார்கள். அடிக்கப் போன கை பாதியில் மென்மையாகி, விரல்நுனியால் பந்தை அவர்கள் தலைக்கு மேலே தள்ளியது. அவர்களுக்குப் பின்னால், யாருமில்லாத இடத்தில் அது மெதுவாகப் போய் விழுந்தது. செட் எங்களுடையது. அடுத்த செட்டில் தோற்று ஊர் திரும்பினோம். ஆனால் பிலோ சொல்லக் கேட்டவர்கள் நாங்கள் கோப்பையையே தூக்கி வந்ததாகத்தான் நம்பியிருப்பார்கள்.

அவளுடைய பதக்கங்கள் மகனிடம் இருக்கின்றன. எனக்கு அவள் விட்டுப்போனது ஒரு கேள்விதான்: தடுத்தார்கள், சரி, மறுபடி கேட்டாயா?

போன ஞாயிறு கடற்கரைக்குப் போனோம். வலையை ராகவன் கட்டினார். என் முதல் சர்வீஸ் வலையிலேயே விழுந்தது. எங்கள் ஆட்டத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு; அதுவும் விழுந்தது. பக்கத்தில் இருந்தவள் பரிவோடு பந்தை எடுத்துக்கொண்டு தான் போடப் போனாள்.

“எனக்கே குடு” என்றேன்.

மூன்றாவதும் வலையில்தான் விழுந்தது. நான்காவதையும் கேட்டு வாங்கினேன்.