மகளின் காலுக்கு ஒரு சோதினை

வெயில் எறிக்கிற நாளில் குளிர்ச்சட்டையைக் காவிக்கொண்டு ரயில் ஏறுகிற ஆட்களைக் கண்டிருக்கிறீர்களா? ஒஸ்லோவில் ஹொல்ம்லியா ஸ்டேஷனுக்கு வந்தால் எங்களைக் காணலாம். வசந்தம் வந்து நாலு நாள் வெயில் அடித்தால் போதும், நோர்வேக்காரர் அரைக் காற்சட்டையோடு புல்லில் விழுந்து கிடப்பார்கள். நானும் மகள் தாரணியும் மட்டும் தடித்த ஜக்கெட், கம்பளித் தொப்பி, ஆளுயரப் பை, ஒரு சறுக்குவண்டி சகிதம் வேர்த்து விறுவிறுத்து நிற்போம். ஐஸ் மண்டபத்துக்குள் வருஷம் முழுக்க மார்கழிதானே. போன கிழமை பக்கத்தில் நின்ற ஒரு வயதானவர் "எங்கே பயணம்?" என்று கேட்டார். "ஐஸ் ஹொக்கி" என்றேன். மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்து, "அருமை! எந்த வயதிலும் தொடங்கலாம்" என்று பாராட்டினார். முதியோர் இல்லத்தில் விடிய வேலைக்குப் போய், முழங்கால் நோவோடு திரும்பி வந்த நான் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறேனாம்! திருத்திச் சொல்லவும் எனக்குச் சீவன் இருக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

விளையாடுகிறவள் தாரணி. பதினேழு வயது. இடது கால் பிறக்கும்போதே நரம்பு பலமில்லாத கால். காலில் பிடிமானம் போட்டுக்கொண்டு இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். அவள் விளையாடுவது நின்று இல்லை, இருந்துகொண்டு விளையாடுகிற ஹொக்கி. இங்கே ஷெல்கஹொக்கி என்பார்கள். இரண்டு தகடு பூட்டிய சின்னச் சறுக்குவண்டியில் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் குட்டை மட்டை பிடிக்க வேண்டும். மட்டையின் ஒரு நுனி பந்தடிக்க, மற்ற நுனியில் இரும்புப் பல்லு. அந்தப் பல்லால் ஐஸைக் குத்திக் குத்தித்தான் ஓட வேண்டும். பந்தென்கிறேன், அது வட்டமான கறுப்பு ரப்பர்க் கட்டி. ஆளோடு ஆள் மோதுகிற சத்தத்துக்கு நான் கண்ணைப் பொத்திக்கொள்வேன். தாரணியோ விழுந்தெழும்பிச் சிரிப்பாள். நடக்கும்போது எல்லாருக்கும் பின்னால் வருகிற பிள்ளை, ஐஸில் எல்லாருக்கும் முன்னால் போவாள்.

அந்தக் காலுக்கு நான் செய்யாத வேலை இல்லை. குழந்தையில் இருந்தே வேலையால் வந்ததும் வராததுமாய் எண்ணெய் பூசி நீவி விடுவேன். ஒஸ்லோக் கோயிலில் அர்ச்சனை, ஊர்ப் பிள்ளையாருக்கு நேர்த்தி, எல்லாம் நடந்தது. யாராவது "பிள்ளையின்ரை கால் எப்பிடி?" என்று கேட்டால் என் வாயில் ஒரே ஒரு பதில்தான்: "இப்ப பரவாயில்லை." எங்கள் சனத்தில் பிள்ளையின் வருத்தத்தை ஆர் உள்ளபடி சொல்லுவார்கள்? கண்ணூறு ஒரு பக்கம், நாளைக்குக் கலியாணப் பேச்சு ஒரு பக்கம், சொன்ன சொல் பலித்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். கேட்கிறது நோர்வேக்காரி என்றாலும் அதே பதில்தான். காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் "எப்படிப் போகிறது?" என்று கேட்கும்போதெல்லாம் "ப்ரா, ப்ரா" என்பேன். நல்லம் என்று அர்த்தம். அவளும் சந்தோஷப்பட்டு, அப்படியென்றால் இனிக் குறைத்து வரலாம் என்று முடிவெடுத்துவிட்டாள். அவளில் என்ன பிழை? கேட்டாள், சொன்னேன்.

இந்த வருஷம் தாரணியை லாண்ட்ஸ்லாக்குக்கு, அதுதான் நாட்டு அணிக்கு, எடுத்தார்கள். பல நாட்டு அணிகள் வருகிற போட்டி, அதுவும் ஒஸ்லோவிலேயே. வீடே துள்ளியது. பிறகுதான் பயிற்சியாளர் எங்களை இருத்தி வைத்துச் சொன்னார்: வெளிநாட்டு அணிகளோடு விளையாட வேண்டுமென்றால் கால் போதுமான அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். போட்டிக்கு முதல் இரண்டு பரிசோதகர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள். தாரணியின் கால் அந்த எல்லைக் கோட்டில்தான் நிற்கிறது, எப்படியும் முடியலாம்.

அன்றிரவு சாப்பிட இருந்தோம். "பிள்ளை, அவை காலைத் தள்ளச் சொன்னால் கொஞ்சம் மெல்லமாத் தள்ளன்" என்றேன். தாரணி கரண்டியை வைத்தாள்.

"அம்மா, அது யுக்ஸ்! கள்ளம்! முழுப் பலத்தோடை தள்ளோணும். ஏமாத்தினது தெரிஞ்சா என்னை விளையாடவே விடமாட்டினம்."

"நான் உன்ரை நன்மைக்குத்தானே சொல்லுறன்."

"தெரியும். நீங்கள் அங்கை ஒண்டும் கதைக்காமல் இருந்தாலே காணும்."

சோதினை நாளில், தாரணிக்கு வயது காணாதபடியால் என்னையும் கூட விட்டார்கள். ஒரு வைத்தியர், ஒரு பயிற்சி நிபுணர், இருவரும் வேறு வேறு நாட்டுக்காரர். காலை மடக்கி, நீட்டி, கையை எதிரே கொடுத்துத் தள்ளச் சொன்னார்கள். தாரணி பல்லைக் கடித்துத் தள்ளினாள். சோதினை என்றால் எங்கள் பிள்ளைகள் விடுவார்களா? அப்போது வைத்தியர் என்னைப் பார்த்து, வீட்டில் எப்படிச் சமாளிக்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாழாய்ப்போன வாய்! "வெரி குட்! படியெல்லாம் ஏறுவாள், ஸ்டேஷனுக்கு நடந்து போவாள், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று கொட்டிவிட்டேன். தாரணி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகுமட்டும் மறவேன்.

முடிவு வரும்வரை அறைக்கு வெளியே ஒரு வாங்கில் இருந்தோம். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அப்பனே, இந்தக் கால் கூடாத காலாகவே இருக்கட்டும், பலம் போதாத காலென்று அவர்கள் சொல்லட்டும். கும்பிட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. எந்தத் தாயடி இப்படிக் கேட்பாள்? இவ்வளவு காலமும் இதே காலுக்குச் சுகம் கேட்ட அதே வாய். அழக்கூட அலுப்பாக இருந்தது.

கூப்பிட்டார்கள். வைத்தியர் சிரித்த முகத்தோடு சொன்னார்: தாரணி விளையாடலாம். அதோடு இன்னொரு நல்ல செய்தி, இனி ஒவ்வொரு போட்டிக்கும் இந்தக் காலைப் பரிசோதிக்கத் தேவையில்லை. இது நிரந்தரம், இனி மாறப்போவதில்லை. என் பேச்சை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. காலைத்தான் கேட்டிருக்கிறார்கள், கால் உள்ளதைச் சொல்லிவிட்டது.

தாரணி கத்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். "அம்மா! நான் நோர்வேக்கு விளையாடப் போறன்!" நானும் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்றுதான் அவளும் நினைத்தாள், வைத்தியரும் நினைத்தார். சந்தோஷமும் இருந்ததுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் இனி மாறப்போவதில்லை என்பதை இதுவரை ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

முதல் ஆட்டத்தன்று யாழ்ப்பாணத்தில் இருந்து என் அக்கா வீடியோவில் வந்தாள். பெறாமகள் விளையாடுவதை அவளுக்கும் காட்டுவோமென்று போனைத் தூக்கிப் பிடித்தேன். நோர்வேயின் தேசிய கீதம் தொடங்க மண்டபம் முழுக்க எழும்பியது. நானும் எழும்பினேன். ஐஸில் தாரணி சிவப்புச் சட்டையோடு வண்டியில் நிமிர்ந்து இருந்தாள்.

"என்னடி, சனமெல்லாம் எழும்பி நிக்குது, பிள்ளை மட்டும் இருக்கிறாள்? கால் வருத்தம் கூடிப்போச்சோ?" அக்கா பதறினாள்.

"பிள்ளை மட்டுமில்லை அக்கா. வடிவாப் பாருங்கோ. ஐஸிலை ஒருத்தரும் எழும்பேல்லை."

"அது சரி. கால் சுகப்பட்டு வருகுதெல்லே?"

பரவாயில்லை என்று சொல்ல வாய் உன்னியது. "இல்லை அக்கா. அது இனி இப்பிடித்தான். சொல்லிப்போட்டினம்."

அக்கா விம்மத் தொடங்கினாள். இங்கே கீதம் முடிந்து கைதட்டல் கூரையைப் பிளந்தது. தாரணி மட்டையை உயர்த்தி, சனத்துக்குள் என்னைத் தேடினாள். ஒரு கையில் அழுகிற அக்காவைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மகளுக்கு ஆட்டினேன்.