இழுப்பு மாத்திரையும் இளைக்கிற மாத்திரையும்

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு" என்று எவனோ சொல்லிவிட்டுப் போய்விட்டான். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொய்தான் சொன்னோம். அதைச் சொன்னவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பனி இறங்கினால் நெஞ்சு விசிலடிக்கும். மாத்திரை போட்டால் அடங்கும். மாரண்டஹள்ளியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், "தும்மல்கூட வராதுங்க" என்றேன். கல்யாணம் முடிந்தது. அதன் பிறகு மாதா மாதம் ராகி மாவுப் பைக்குள் மாத்திரைப் பொட்டலத்தைப் புதைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நானே.

இரண்டு வருடமாகியும் குழந்தை இல்லை. "உடம்பு பெருத்தா வவுறு தொறக்காது" என்று மாமியார் அவளைப் பெங்களூருக்கு அழைத்துப்போனார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று அங்கே டாக்டர் கன்னடத்தில் கேட்டாராம். இவளுக்கென்ன, கல் மாதிரி இருக்கிறாள் என்று மாமியாரே முந்திக்கொண்டாராம். கள்ளமில்லாமல்தான் சொல்லியிருக்கிறார். தங்கை வாயைத் திறக்கவில்லை. பசியை அடக்கி உடம்பை இளைக்கவைக்கும் மாத்திரை வந்தது.

இளைத்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் மெச்சினார்கள், நானும் மெச்சினேன். அவள் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய், "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுண்ணா. தூக்கமே இல்ல. சொன்னா வெக்கம், அழுதா துக்கம். ரெண்டுல ஒண்ண நிறுத்திப் பாக்கட்டுமா?" என்றாள்.

"பட்டினி கெடந்தா அப்படித்தான் இருக்கும். இழுப்பு மாத்திரைய நிறுத்துனா குட்டு வெளிய வந்துரும். இளைக்கிறத நிறுத்துனா உன் மாமியா சும்மா வுடுமா? ரெண்டையும் போடு" என்றேன். பெரிய வைத்தியன் நான்!

மார்கழிப் பனியில் இழுப்பு முற்றியிருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருக்கிறாள். அடுப்படியில் விழுந்தவளைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சில்லை. டாக்டர் கையில் இளைக்கிற மாத்திரைப் புட்டி. "வேற என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் சொன்னேன்.

"ரெண்டும் சேர்ந்தா இதயம் தாங்காதுங்க. தெரிஞ்சிருந்தா யாருமே இதைக் குடுத்திருக்க மாட்டாங்க" என்றார்.

மாமியார் என்னைத் திட்டவில்லை. "பொண்ணக் குடுத்தீங்க. நோய மட்டும் எதுக்குங்க உங்ககிட்டயே வெச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அம்மா, "மாரடைப்புங்க. மத்தபடி எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு ஒரு நோய்நொடி கெடையாது" என்று அழுதாள். அடுத்த தங்கைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்றிருந்த நான், "ஆமாங்க" என்றேன்.